பாக் கேட்ட சம்பள உயர்வு

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் மேனேஜர். சொல்ல ஆயிரம் இருந்தது. "ஒண்ணும் இல்ல சார், தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுத்த பையனுக்கு என்னைவிடச் சம்பளம் கூட.

வீட்டில் வந்து புலம்பினால் தங்கமணி, "எங்கிட்ட மட்டும் வக்கணையா பேசுங்க. அங்க வாயில கொழுக்கட்டையா?" என்றார். நியாயமான கேள்வி. பணம் மட்டுமில்லை பிரச்சினை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை சரியாக வரவில்லை. வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு அனுமதி கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டுக்கொண்டிருந்தேன். 1986-ல் வந்த தொகுப்பு. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று வரும். சரி, யார்தான் இந்த பாக் என்று வாழ்க்கை வரலாற்றைப் புரட்ட ஆரம்பித்தேன். சங்கீத ஞானம் எனக்குக் கிடையாது, அதனால் இசையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. என்னை உட்காரவைத்தது வேறொன்று. மனுஷன் வாழ்நாள் முழுக்க சம்பளம், லீவு, உரிமை என்று யாருடனாவது பேரம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்!

யோகான் செபாஸ்டியன் பாக் 1685-ல் ஜெர்மனியின் ஐசனாக்கில் பிறந்தவர். பத்து வயது முடிவதற்குள் அம்மா, அப்பா இருவரும் போய்விட்டார்கள். அண்ணன் வீட்டில் வளர்ந்தார். 1703-ல், பதினெட்டு வயதில், ஆர்ன்ஷ்டாட் ஊரின் புதிய தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை.

1705 கடைசியில் நாலு வாரம் லீவு கேட்டார். லூபெக் நகரில் பக்ஸ்டஹூட என்ற பெரிய வித்வான் இருந்தார், அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். நானூறு கிலோமீட்டருக்கு மேல், நடந்தே போனதாகச் சொல்கிறார்கள். போனவர் திரும்பி வந்தது 1706 பிப்ரவரியில்! நாலு வாரம் நாலு மாதம் ஆகிவிட்டது. தேவாலய நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. "என் இடத்தில் ஆள் போட்டுவிட்டுத்தானே போனேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்" என்கிற மாதிரி பதில் சொன்னாராம். இது பேரம் இல்லை, சின்ன வயசுத் திமிர். நம்மில் யாராவது செய்தால் மறுநாள் சீட்டு கிழிந்துவிடும் :-) ஆனால் ஆள் தேறத் தேற கேட்கும் விதமும் தேறியது.

1708-ல் வைமார் அரண்மனைக்குப் போனார். ஐந்து வருஷம் கழித்து ஹால நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே புதிதாகப் பிரம்மாண்டமான ஆர்கன் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். 1713 டிசம்பரில் பாக் போய் வாசித்துக் காட்டினார், அவர்களுக்குப் பிடித்துப்போய் ஒப்பந்தத்தையே அனுப்பிவிட்டார்கள். பார்த்தால் சம்பளம் வைமாரைவிடக் குறைவு. பாக் உடனே 'மாட்டேன்' என்று சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை. இங்கிருந்து இன்னும் விடுதலை கிடைக்கவில்லை, சம்பளத்திலும் வேலையிலும் சில மாற்றங்கள் வேண்டும் என்று எழுதினார்.

1714 மார்ச்சில் வைமார் அவரைக் கச்சேரித் தலைவர் ஆக்கி, சம்பளத்தையும் 250 ஃப்ளோரின் ஆக்கியது. ஹாலக்காரர்களுக்குக் கோபம் வராதா? "எங்களைக் காட்டி அங்கே சம்பளம் ஏற்றிக்கொண்டாய்" என்று குற்றம் சாட்டினார்கள். பாக் பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் பதில் எழுதினார். அப்படி ஏமாற்ற வேண்டிய அவசியம் தனக்கில்லை, வருமானம் குறைகிற இடத்துக்குப் போகும்படி யாரும் எதிர்பார்க்க முடியாது என்பது சாரம். இதில் எனக்குப் பிடித்தது பின்னால் நடந்ததுதான். 1716-ல் அதே ஹால, கட்டி முடித்த ஆர்கனைச் சோதித்துச் சொல்ல பாக்கையும் கூப்பிட்டு விருந்து வைத்தது. கேட்டால் உறவு முறிந்துவிடும் என்பதுதானே நம்ம பயம்? முறியவில்லை.

அதற்காக எப்போதும் ஜெயித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். வைமாரில் இசைத்தலைவர் பதவி காலியானது. கிழவர் இறந்ததும் அவர் மகனுக்கே கொடுத்துவிட்டார்கள். (நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைச்சிட்டிருந்தேன்!) 1717-ல் கோத்தன் இளவரசர் லியோபோல்ட் 400 தாலருக்கு அழைத்தார். பாக் விடுதலை கேட்டு முரண்டு பிடித்தார். வைமார் பிரபு அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்! நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை சிறை. பிறகுதான் விட்டார்கள், அதுவும் மரியாதை இல்லாமல். ராஜினாமா கேட்டதற்கு ஜெயில். நம்ம நோட்டீஸ் பீரியட் எவ்வளவோ தேவலை.

1723-ல் லைப்ஸிக் நகரத்துக்கு வந்த கதை இன்னும் ருசி. நகரசபையின் முதல் விருப்பம் டெலமான். அவர் இந்த அழைப்பைக் காட்டி ஹாம்பர்கில் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அடுத்தது கிராப்னர். அவருடைய முதலாளி சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து, விடமாட்டேன் என்றுவிட்டார். அதற்கப்புறம்தான் பாக். நல்ல ஆள் கிடைக்காததால் சுமாரானவரை எடுக்க வேண்டியதுதான் என்கிற தோரணையில் ஒரு சபை உறுப்பினர் பேசியது பதிவாகியிருக்கிறது. மூன்றாவது சாய்ஸாக உள்ளே போனவர் என்றாலும் தலைகுனிந்து நிற்கவில்லை. பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அந்தப் பதவியோடு வரும். வருஷம் 50 தாலர் தன் கையிலிருந்து கொடுத்து அதைச் சக ஆசிரியர் ஒருவரிடம் தள்ளிவிட்டார். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று தெரிந்திருக்கிறது.

பல்கலைக்கழகத் தேவாலய வேலைக்கான ஊதியத்தைக் குறைத்தபோது, 1725-ல் நாட்டின் அதிபதிக்கே மூன்று மனு போட்டார். செப்டம்பரில் ஒன்று, நவம்பரில் ஒன்று, டிசம்பர் 31-ல் ஒன்று. அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. பழைய வழிபாட்டுக்கான பணம் உண்டு, புதிய வழிபாட்டுப் பொறுப்பு கிடையாது. பாதி ஜெயம்.

1730-க்கு வருவோம். அந்த ஒரே வருஷத்தில் அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று ஆகஸ்டில் நகரசபைக்கு. தேவாலய இசைக்கு எத்தனை பாடகர்கள், எத்தனை வாத்தியக்காரர்கள் தேவை என்று கணக்குப் போட்டிருக்கிறார். இருக்கிற மாணவர்களில் பாடத் தகுந்தவர்கள் 17, இன்னும் தேறாதவர்கள் 20, தேறவே மாட்டாதவர்கள் 17 என்று எண்ணிச் சொல்கிறார். 'என்னை மதிக்கவில்லை' என்ற அழுகை இல்லை, எல்லாம் எண்கள். இன்னொன்று அக்டோபரில், டான்ஸிக்கில் இருந்த பள்ளித் தோழன் எர்ட்மானுக்கு. அதில் மனசைக் கொட்டுகிறார். ஊரில் விலைவாசி அதிகம், மேலிடம் விசித்திரமானது, வேறு வேலை இருந்தால் சொல். வருமானம் சுமார் 700 தாலர், ஆனால் அதில் சாவு வீட்டுப் பாட்டுக் காசும் உண்டு. முந்தைய வருஷம் ஊரில் காற்று நன்றாக இருந்து சாவு குறைந்ததால் நூறு தாலருக்கு மேல் நஷ்டமாம்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

புலம்பல் நண்பனுக்கு, கணக்கு முதலாளிக்கு. நான் இத்தனை நாள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் கணக்குப் பார்த்தேன், ஆபீஸில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

சபை அந்தக் கணக்குக்கு வளைந்துகொடுத்ததாகத் தெரியவில்லை. பாக் வேறு கதவைத் தட்டினார். 1733-ல் ட்ரெஸ்டனில் இருந்த புது அதிபதிக்கு ஒரு இசைப் படைப்பை அனுப்பி, அரசவைப் பட்டம் ஒன்று கேட்டார். பட்டம் கிடைத்தது 1736 நவம்பரில். மூன்று வருஷத்துக்கும் மேல் காத்திருந்து, நடுவில் ஞாபகப்படுத்தி வாங்கியிருக்கிறார்.

இவ்வளவு கேட்டு வாங்கிய மனிதர் 1750 ஜூலையில் உயில் எழுதாமலே போய்விட்டார். மனைவி அன்னா மாக்டலேனா, ஒரு காலத்தில் கோத்தன் அரசவையில் சொந்தமாகச் சம்பளம் வாங்கிய பாடகி. அவருக்கு நகரசபை அரை வருஷச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதிலும், 1723-ல் பாக் தாமதமாக வேலையில் சேர்ந்தபோது கூடுதலாகக் கொடுத்த பணத்தைக் கழித்துக்கொண்டது. இருபத்தேழு வருஷம் கழித்து, விதவையிடம்! ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட் என்றால் இதுதான். 1760-ல் அவர் இறந்தபோது தர்மப் பணத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். பாக் தனக்காகக் கேட்டார். அவர் போன பிறகு இந்த அம்மாவுக்காகக் கேட்க வலுவான ஆள் யாருமில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த தங்கமணியை ஒருமுறை பார்த்தேன். மறுநாள் முதல் வேலையாக, வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட நாமினேஷன் படிவங்களைப் பூர்த்தி செய்தேன்.

அதற்கடுத்த வாரம் மேனேஜரிடம் நேரம் கேட்டேன். ஒரே ஒரு தாள். என்னென்ன முடித்தேன், எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தேன், எனக்கு என்ன வேண்டும். குரல் நடுங்கியது, மறைக்கவில்லை. செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து வேலை செய்ய உடனே சரி என்றுவிட்டார். "முன்னாடியே கேட்டிருக்கலாமேப்பா" என்று வேறு சொன்னார். சம்பளம் கேட்டதில் பாதிதான். அந்தப் பையனை இன்னும் எட்டவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பேசலாம் என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

இதைவிடக் கஷ்டமானது அண்ணனிடம் பேசியது. அப்பா விஷயத்தில் இரண்டு வருஷமாக உள்ளே குமைந்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை பழைய கதை எதையும் எடுக்கவில்லை. "மாசத்துல எட்டு தடவை தெரபிண்ணே. ஆறு நான் பாத்துக்கறேன், ரெண்டு சனிக்கிழமை உன்னால முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீ கூப்பிடவே இல்லையேடா. உனக்கு நான் வர்றது பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன்" என்றான்.

போன சனிக்கிழமை வந்திருந்தான். அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார்.