பின்கண்ணாடியின் கதை

சந்தைக்குக் காய் ஏத்திப் போற வண்டிகளில் முன்கண்ணாடியைத் துடைக்காத டிரைவர் கிடையாது. பின்கண்ணாடியைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. அமெரிக்காவில் அந்தப் பின்கண்ணாடிக்காகவே லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க.

முதல்ல ஒரு விஷயம். முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் ஒரே சாதி இல்லை. முன்னால் இருப்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியது. பிரான்சில் எடுவார் பெனடிக்டஸ் 1909-ல் காப்புரிமை வாங்கிய வழி. கல் பட்டால் விரியும், உதிராது. பின்னால் இருப்பது பெரும்பாலும் நன்றாகச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்துப் பதப்படுத்திய கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும். ஓரத்திலோ துளையிலோ ஆழமாக அடிபட்டால் மொத்தமும் கல்கண்டு மாதிரி கொட்டிவிடும்.

பல எஸ்.யூ.வி.க்களில் பின்கதவைத் திறக்காமலே கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிச் சாமான் எடுக்கலாம். வசதிதான். ஆனால் கீல், தாங்கு கம்பி எல்லாம் கண்ணாடியையே பிடித்துக்கொண்டு நிற்கும். பிடிமானம் கெட்டால் பாரம் முழுக்க அந்த ஓரத்தில்தான் இறங்கும்.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 2002, 2003 மாடல்களில் இந்தச் சிக்கல் வந்தது. பிடிமானம் விட்டுக் கண்ணாடி உடையலாம், பக்கத்தில் நிற்பவரைக் காயப்படுத்தலாம் என்று 2004-ல் ரீகால் அறிவித்தார்கள். அதே வண்டியில் கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் பட்டையும் நடுவில் வெடித்தது. அதற்கும் ஏகப்பட்ட புகார். ஆனால் ரீகால் வரவில்லை. கண்ணாடி ஆளைக் காயப்படுத்தும், பட்டை பர்சைத்தான் காயப்படுத்தும். சட்டம் கோடு போடுவது அங்கேதான்.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கார் கம்பெனிகளின் அலட்சியத்தை ரால்ஃப் நேடர் 1965-ல் புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷமே அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சாதாரண வண்டிக்காரர் அரசுக்கு நேராகப் புகார் எழுதலாம். ஒரே மாதிரிப் புகார்கள் சேர்ந்தால் விசாரணை வரும்.

நம்ம நாட்டில் 2019 திருத்தத்தில்தான் கட்டாய ரீகாலுக்கு வழி பிறந்தது. விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. ஆனால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அது பொருந்தும். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பட்டணத்தில் ஓடிக் களைத்த வண்டிதான் கைமாறிக் கைமாறி கிராமத்துக்கு வருகிறது. எங்க தெருவில் நிற்கிற ஜீப்புகளில் ஏழு வயசுக்கு உட்பட்டது ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் பின்னால் ஏறித் தொங்கிக்கொண்டு போவதும் அதில்தான்.

அதனால் வண்டி புதுசாக இருக்கும்போதே கவனியுங்கள். பின்கண்ணாடி ஆடுகிறதா, கீல் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கோளாறு இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் புகார் கொடுங்கள். நாளைக்கு அந்த வண்டி எங்க ஊருக்குத்தான் வரப்போகுது.