தந்தைவழி காட்டும் இரு சான்றுகள்

நம் சங்கத்து அன்பர் சிலர், தம் வமிசத்தின் மூலபுருஷர் யாவர், எவ்வூரினின்று குடிபெயர்ந்தார் என்பதை அறியும் பொருட்டு, உமிழ்நீரைச் சீசாவில் அடைத்து டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பத் தலைப்பட்டிருக்கின்றனர். முயற்சி போற்றற்பாலதே. ஆயினும் அப்பரிசோதனை எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பதை முன்னரே தெரிந்துகொள்ளுதல் நலம். அமெரிக்காவில் நிகழ்ந்ததொரு விவகாரத்தினும் சிறந்த திருஷ்டாந்தம் இதற்கு யாம் கண்டிலேம்.

1801 முதல் 1809 வரை அந்நாட்டின் ஜனாதிபதியாய் இருந்தவர் தாமஸ் ஜெபர்ஸன். மாந்தர் யாவரும் சமமென்று சுதந்தரப் பிரகடனம் வரைந்த அப்பெரியார், தம் ஆயுளில் 600 பேருக்கு மேல் அடிமைகளை உடையவராயிருந்தார். அவருள் ஒருத்தியான ஸாலி ஹெமிங்ஸின் மக்களுக்குத் தந்தை ஜெபர்ஸனே என்று 1802இல் ஒரு பத்திரிகை எழுதிற்று. அவருடைய பேரர்களோ, அக்குற்றம் அவர் சகோதரியின் மக்களாகிய கார் குடும்பத்தாருடையது என்றனர். ஸாலியின் மகன் மாடிஸன் 1873இல், தம் பிதா ஜெபர்ஸனே எனத் தம் வாழ்க்கை வரலாற்றைப் பத்திரிகை வாயிலாக வெளியிட்டார். அடிமைத் தாய் வயிற்றிற் பிறந்தவர் வாக்கல்லவா! சரித்திராசிரியர் பலர் நூறாண்டுக்கு மேல் அதனைச் செவிமடுத்திலர்.

1998இல் விஞ்ஞானிகள் புகுந்தனர். ஒய் குரோமோசோம் என்பது தந்தையினின்று மகனுக்கு மட்டுமே, ஏறக்குறைய மாறுதலின்றி இறங்குவது. ஜெபர்ஸனுக்கு மணந்த மனைவியின்பால் பிழைத்து வளர்ந்த ஆண்மகவு இல்லை. ஆதலின் அவருடைய பெரிய தந்தையார் பீல்டு ஜெபர்ஸனின் ஆண்வழியில் வந்த ஐவரிடம் இரத்தம் பெற்றனர். நம் வழக்கிற் கூறின், பங்காளிகளைச் சோதித்தனர் என்க. ஸாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வந்தவர் ஒருவரது இரத்தம் அதனோடு ஒத்தது. கார் குடும்பத்தின் இரத்தம் ஒவ்வாது போயிற்று.

இதே பரிசோதனையில் ஒரு துயரமும் உண்டு. தாம் ஸாலியின் மூத்த மகன் தாமஸ் உட்ஸனின் வழியினர், ஆகவே ஜெபர்ஸன் வமிசத்தவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த குடும்பத்தாரின் இரத்தம் பொருந்தவில்லை. பாட்டனார் மடியிலமர்ந்து கேட்ட கதையை ஒரு நாட் காலையில் எவர்தான் கைவிடுவர்? அவருட் பலர் கைவிட்டிலர். அவரைப் பழித்தல் நமக்குத் தகாது.

இனி, ஒத்த இரத்தமும் குலத்தைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டாது. ஜெபர்ஸனின் தம்பி ராண்டால்பும் அவர் மைந்தரும் அதே குரோமோசோமை உடையவரே. இவ்விடத்து உதவியவை ஏடுகள். ஸாலியின் ஒவ்வொரு மகவுக்கும் கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் ஜெபர்ஸன் தம் மாண்டிசெல்லோ மாளிகையில் இருந்தார் என்பதை அவர் கைப்படவெழுதிய குறிப்புகளே காட்டின. இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கியே, அம்மாளிகையைப் பராமரிக்கும் ஸ்தாபனத்தார் 2000இல், அவரே தந்தையாதல் கூடுமென்று முடிவு கட்டினர். மறுப்போர் இன்றும் சிலர் உளர்.

குடிமதிப்புக் கணக்கின் கதை இதனினும் விசித்திரமானது. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கில் உடையவன் பெயர் இருக்கும். அடிமைக்கு வயதும் பாலும் நிறமுமன்றிப் பெயர் பெரும்பாலும் இராது. ஆதலின் அடிமைகளின் வழியினர் பலர்க்குப் பாட்டனார் பெயரைத் தாங்கிய முதற் கணக்கு 1870ஆம் ஆண்டினதே. அவ்வாண்டில் ஒஹாயோ நாட்டிற் கணக்கெடுத்தவர், மாடிஸன் பெயரருகே, இவர் தாமஸ் ஜெபர்ஸனின் மகன் என்று குறித்துச் சென்றார். ஸாலியையும் அவள் மக்களையும் 1830இல் வெள்ளையரெனப் பதிந்தனர். 1833இல் கலப்பினத்தவரெனப் பதிந்தனர். எஸ்டனோ 1852இல் விஸ்கான்ஸின் சென்று, ஜெபர்ஸன் என்று பெயர் பூண்டு வெள்ளையராகவே வாழ்ந்து 1856இல் மறைந்தார். மூன்றாண்டில் உதிரம் மாறுமோ? எழுதுகோல் மாறிற்று.

அந்நாட்டில் 72 ஆண்டு கழிந்தபின் பெயர்ப் பதிவுகளை எவரும் பார்க்கலாம். நம் நாட்டில் அங்ஙனமன்று. 1931ஆம் ஆண்டின் கணக்கில் நம் சாதியின் தொகை கிடைக்கும். நம் பாட்டனார் பெயர் கிடைக்காது. 1948ஆம் ஆண்டின் சட்டப்படி தனியார் விவரங்கள் எவர் பார்வைக்கும் உரியன அல்ல. ஆகவே பரண்மேற் கிடக்கும் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை ஓலை, ஜாதகம், மொய்க் கணக்கு இவையே நமக்குக் குடிமதிப்பு. வரும் பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது அவற்றைக் குப்பையோடு எரித்துவிடாது, மூத்தோரிடம் பெயர்களைக் கேட்டு ஒவ்வொன்றன் புறத்தும் எழுதி வைப்பீர்களாக.