தூண்டிற்கோலும் மலைநாட்டு நீரும்

மலையக வரலாற்றைக் கோப்பி, தேயிலை ஆகிய இரு பயிர்களின் வரலாறாக நோக்குவதே வழக்கமாக இருந்து வருகின்றது. அப்பயிர்களோடு வந்து சேர்ந்த சிறு பொருள்கள் ஆய்வாளரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. தோட்டத்துரையின் பங்களாச் சுவரிற் சார்த்தி வைக்கப்பட்டிருந்த தூண்டிற்கோல் அத்தகைய பொருள்களுள் ஒன்று. எந்த நீருக்கு எந்தக் கோல் ஏற்றது என்னும் வினா, ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு வினாவாகத் தோன்றக்கூடும். எனினும் அதற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளைத் தொடர்ந்து செல்வோமாயின், மலைநாட்டின் வரலாறும் உடன் வருவதைக் காணலாம்.

ராகலையிலிருந்தே தொடங்கலாம். 1903-04 ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 2 அடி 6 அங்குல அகலமுடைய சிறு புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதே அதன் முதன்மையான பணி. அப்பாதையின் தரிப்பிடங்களுள் ஒன்று 'புறூக்சைட்'. 'ஓடைக்கரை' என்பது அதன் பொருள். அயலிலுள்ள 'லிடெஸ்டேல்' தோட்டமோ ஸ்கொத்லாந்தின் தென்னெல்லையிலுள்ள லிடெல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கியது. தூண்டிலாளர் நாடும் ஆறு அது. தம் ஊர்ப் பெயரைத் தேயிலை மலைக்குச் சூட்டியவர்கள், தம் ஊர் மீனையும் இங்குக் கொணர முற்பட்டதில் வியப்பில்லை.

அம்மீன் ட்ரவுட். 1864 இல் 'நோர்ஃபோக்' என்னும் கப்பலில் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் இடையே பொதிந்து அனுப்பப்பட்ட முட்டைகள் தஸ்மேனியாவைச் சென்றடைந்தபின், வெப்ப வலயத்தைக் கடந்தும் இம்மீனைக் குடியேற்றலாம் என்பது உறுதியாயிற்று. 1882 இல் பழுப்பு ட்ரவுட் இலங்கையின் மலைநாட்டு நீர்நிலைகளுக்கு வந்தது. ஆயினும் அது இங்குத் தானாகப் பெருகவில்லை. பின்னர் கொண்டுவரப்பட்ட வட அமெரிக்க இனமாகிய வானவில் ட்ரவுட்டே 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நீலகிரிக்கும் இலங்கையிலிருந்து இம்மீன் சென்றது.

மீன் வந்தது, கோல் எங்கிருந்து வந்தது? அக்காலத்து ஆங்கிலேயர் நாடிய கோல்கள் இரு வகையின. ஒன்று, தென் அமெரிக்காவின் கயானாவில் விளையும் 'கிறீன்ஹார்ட்' என்னும் வன்மரத்தாற் செய்யப்பட்டது. மற்றையது, மூங்கிலை ஆறு முக்கோணப் பட்டைகளாகப் பிளந்து, வலிமை மிக்க வெளிநார் புறத்தே அமையும்வண்ணம் ஒட்டிச் செய்யப்பட்டது. இவ்வறுபட்டைக் கோலை 1870களில் அமெரிக்காவில் ஹைரம் லியொனார்ட் பெருமளவில் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்குரிய மூங்கில் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்தே சென்றது. ஏற்றுமதித் துறைமுகத்தின் பெயரால் அது 'கல்கத்தாப் பிரம்பு' எனப்பட்டது. மேற்கே சென்ற இந்திய மூங்கில், விலையுயர்ந்த கோலாகி மீண்டும் கிழக்கே திரும்பியமை கவனிக்கத்தக்கது. தென்னிந்தியத் தொழிலாளி மன்னார் வழியாக வந்து சேர்ந்த அதே மலைக்கு மூங்கில் மட்டும் உலகைச் சுற்றி வந்தது.

ஆயினும் அவ்வழகிய கோல் எல்லாத் தூண்டிலுக்கும் ஏற்றதன்று. இறகாலும் நூலாலும் கட்டப்படும் போலி ஈக்கு எடை இல்லை. தடித்த நூலின் எடையே கோலை வளைத்து ஈயை எடுத்துச் செல்கின்றது. ஆதலால் அதற்கு நீண்டு, மெல்ல வளையும் கோல் வேண்டும். உலோகத்தாலான போலி இரையோ தன் எடையாலேயே கோலை வளைக்கின்றது. கோல் மிகத் துவண்டால் வீச்சின் விசை நுனியிலேயே மடிந்துவிடும். மிக விறைத்தால் சிறிய இரை அதனை வளைக்கவே மாட்டாது. இரையின் எடைக்கேற்ற விறைப்பே தெரிவின் முதல் விதி. விலையும் பளபளப்பும் அதற்குப் பிற்பட்டவை.

கரண்டி வடிவப் போலி இரைக்கு 1852 இல் அமெரிக்காவில் ஜூலியோ பியூல் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் அன்றைய நூற்சுருளை இரையே இழுத்துச் சுழற்ற வேண்டியிருந்தமையால் கனமான இரையும் தடித்த கோலும் தவிர்க்க இயலாதனவாயின. 1905 இல் இங்கிலாந்தின் நெசவாலையாளர் அல்பிரட் இல்லிங்வேர்த், சுழலாத கண்டிலிருந்து நூல் வழுவி ஓடும் சுருளுக்குக் காப்புரிமை பெற்றார். தறிக்கு நூல் ஓடும் வகையே அவருக்கு வழிகாட்டியது என்பர். இதன்பின் சில கிராம் எடையுள்ள இரையையும் எறிய முடிந்தது; கோலும் குறுகி மெலிந்தது.

மலைநாட்டின் கற்கள் செறிந்த, புதர் சூழ்ந்த குறுகிய ஓடைக்கு இம்மாற்றம் மிகப் பொருந்தியது. பத்தடிக் கோலைப் பின்னோக்கி வீச அங்கே இடமில்லை. ஆறடி அளவினதாகவும் மூன்று முதல் ஏழு கிராம் இரைக்கு இசைவதாகவும் உள்ள மெல்லிய கோல் கைக்கு அடங்கும். மெல்லிய தங்கூசி நூல் திடீரென அறுபடாமல் அதன் நுனி விட்டுக்கொடுக்கும். அகன்ற நீர்த்தேக்கத்தில் இதே கோல் பயன் குன்றும். தொலைவு எறிய ஏழு, எட்டு அடி வேண்டும். மழைநாட்டில் மற்றோர் இடரும் இருந்தது: பழைய மூங்கிற் கோலின் விலங்குப் பசை ஈரத்தில் இளகிவிடும். 1950 இல் அமெரிக்கா சீன வணிகத்தைத் தடைசெய்தது. கல்கத்தாப் பிரம்பின் இடத்தை அதற்கு முன்பே பிடித்திருந்த சீன மூங்கிலும் அத்தடையால் அங்கு அரிதாக, கண்ணாடிநார்க் கோல் பரவியது. 1973 இல் காபன் நார்க் கோல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இவ்விரண்டும் ஈரத்துக்கு அஞ்சாதவை.

இதற்கிடையில் மலையும் மாறியது. ராகலைப் புகையிரதம் 1940களில் ஓய்ந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், பாதை அருகே லயங்களில் வாழ்ந்த தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அயல்நாட்டு மீனுக்கோ ஓடையில் இடம் நிலைத்திருந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களோடு பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கு மட்டுமே வாழும் சிற்றிறாலுக்கும் பிற நீருயிர்களுக்கும் ட்ரவுட் விளைத்த கேடு இன்று பேசப்படுகின்றது.

லயத்துச் சிறுவரின் கோல் எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெற்றதில்லை. கரையில் வெட்டிய முழு மூங்கில், நுனியில் கட்டிய தங்கூசி, மண்புழு. சுருள் இல்லாமையால் எறியும் தேவையும் அதற்கில்லை. ஓடையின் அகலமே அக்கோலின் நீளத்தைத் தீர்மானித்தது.