படச்சட்டமும் கில்லட்டினும்

கில்லட்டின் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது பிரெஞ்சுப் புரட்சியே. பதினாறாம் லூயி மன்னன் 1793 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21 ஆம் நாள் அக்கருவியின் கீழ்த் தலையிழந்த செய்தியைப் பள்ளியில் படித்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார். அதே பெயரைத் தாங்கிய வேறொரு கருவியும் உலகில் உண்டு. அது எவர் உயிரையும் கொள்வதில்லை. படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறையில் ஒரு மூலையில் நின்று, கழிகளின் முனையை வெட்டித் தருவதே அதன் தொழில். நம் இல்லங்களில் தெய்வத் திருவுருவங்களும் முன்னோர் படங்களும் நான்கு மூலையும் பொருந்திச் சுவரில் விளங்குவதற்கு இத்தகைய கருவிகள் செய்த உதவி சிறிதன்று. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த கதை

ஜோசப் கில்லட்டின் என்பவர் பிரான்சு நாட்டு மருத்துவர். 1789 இல் அந்நாட்டுத் தேசிய சபையில் உறுப்பினராக இருந்தவர். அந்நாளில் பிரபுக்களுக்கு ஒரு விதமாகவும் எளியோருக்கு வேறு விதமாகவும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. குற்றம் ஒன்றாயின் தண்டனையின் முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதுவும் வேதனை குறைந்ததாக, ஓர் எந்திரத்தால் நடைபெற வேண்டும் என்று அவர் அவ்வாண்டில் வற்புறுத்தினார். மரண தண்டனையையே விரும்பாத அம்மனிதரின் பெயர் அக்கொலைக் கருவிக்கு நிலைத்துவிட்டது விதியின் விளையாட்டுத்தான். கருவியை வகுத்தவர் அந்துவான் லூயி என்ற அறுவை மருத்துவர். செய்து கொடுத்தவரோ, பாரிசில் இசைக் கருவிகள் செய்துவந்த தோபியாஸ் ஷ்மிட் என்ற செருமானியர். 1792 ஏப்ரல் 25 ஆம் நாள் அது முதன்முதலாகப் பயன்பட்டது. 1977 இல் இறுதியாகப் பயன்பட்டது. 1981 இல் பிரான்சு மரண தண்டனையையே ஒழித்தது.

கருவி கொடியதாயினும், அதன் அமைப்பில் ஓர் உண்மை பொதிந்திருந்தது. அதன் கத்தி கிடையாக விழுவதில்லை. சாய்ந்த விளிம்போடு விழும். சாய்ந்த கத்தி, வெட்டப்படும் பொருளின் மீது முழுதும் ஒரே நேரத்தில் மோதாமல், சிறிது சிறிதாக நுழைந்து அறுத்துக்கொண்டே செல்கிறது. ஆகவே குறைந்த விசையில் நேரிய வெட்டுக் கிடைக்கிறது. அரிவாள்மனையில் காய் நறுக்கும் நம் பெண்மணிகள் காயை நேரே அழுத்தாமல் சற்றே இழுத்து நறுக்குவதும் இதே உண்மையை அறிந்துதான். பாரிசு நகரத்து மாசிகோ என்பவர் 1844 இல் காகிதக் கட்டுகளை வெட்டும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். பிரெஞ்சுக்காரர் அதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர். பிற நாட்டார் அதற்குக் கில்லட்டின் என்று பெயரிட்டனர். அச்சகங்களில் நுழைந்த அப்பெயர், மேலிருந்து இறங்கி வெட்டும் கத்திகள் பலவற்றிற்கும் பொதுப்பெயராயிற்று. படச்சட்டக் கடைக்கு அது வந்து சேர்ந்த வழி இதுவே.

சட்டத்தின் பழமை

படத்துக்குச் சட்டம் எப்போதும் தனிப் பொருளாக இருந்ததில்லை. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் கோயில்களுக்கெனப் பலகையில் வரைந்த படங்கள் பலவற்றில், பலகையின் நடுப்பகுதியைக் குடைந்து தாழ்த்தி, ஓரத்தை உயர விட்டனர். அந்த ஓரமே சட்டம். ஓவியமும் சட்டமும் ஒரே மரத்தின் உடலாக இருந்தன. பின்னர் சட்டம் பிரிந்து தனிக் கலையாக வளர்ந்தது. பிளாரன்ஸ் நகரத்துச் சிற்பத் தச்சர்கள் தூண்களும் மாடங்களும் அமைந்த சட்டங்களைச் செதுக்கினர். மரத்தின் மீது சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் தங்கரேக்கு ஒட்டினர். நம் தஞ்சாவூர் ஓவியங்களிலும் பலகை, சுண்ணக் கலவை, தங்கரேக்கு என்னும் இவையே உறுப்புகளாக அமைந்திருப்பதைக் கலையன்பர்கள் ஒப்பிட்டு மகிழலாம்.

இவ்வேலை அரசர்க்கும் ஆலயங்களுக்கும் செல்வர்க்குமே உரியதாக இருந்தது. ஒரு சட்டத்தைச் செதுக்கிப் பொன் பூசி முடிக்கப் பல கைகளும் பல நாள்களும் தேவைப்பட்டன. எளியவன் வீட்டில் படமே அரிது. படம் இருந்தாலும் சட்டம் அதனினும் அரிது.

மூலையின் கணக்கு

படச்சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், மூலையில் என்பதே தச்சர் கூறும் விடை. நான்கு கழிகள் நான்கு மூலைகளில் கூட வேண்டும். சட்டக்கழியின் முகத்தில் மேடும் பள்ளமுமாக இழைப்புக் கோடுகள் ஓடுகின்றன. அக்கோடுகள் மூலையில் முறியாமல் திரும்பிச் செல்ல வேண்டுமானால், ஒவ்வொரு முனையையும் 45 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். இரண்டு 45 கூடி 90 ஆகும். மூலை மட்டத்துக்கு அமையும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. நான்கு கழிகளுக்கு எட்டு முனைகள். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிழைத்தால், மூன்று மூலைகளை எப்படியோ பொருத்திவிடலாம். நான்காவது மூலையில் எல்லாப் பிழையும் ஒன்றுகூடி நான்கு பாகையாக வாய் பிளக்கும். கழியின் அகலம் இரண்டு அங்குலமாயின், அந்த இடைவெளி ஏறக்குறைய அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சுண்ணக் களிம்பு வைத்து அடைக்கலாம். பொன்வண்ணம் பூசி மறைக்கலாம். ஆயினும் மழையும் வெயிலும் மாறி மாறி வர மரம் சுருங்கி விரியும். சில ஆண்டுகளில் களிம்பு உதிர்ந்து உண்மை வெளிப்படும்.

இந்தக் கணக்கைப் பண்டைத் தச்சர் நன்கு அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் ஜோசப் மாக்ஸன் என்பவர் 1678 இல் வெளியிடத் தொடங்கிய கைத்தொழில் நூலில், சாய்வெட்டுக்கான மூலைமட்டமும், ரம்பத்தை வழி தவறாமல் நடத்தும் மைட்டர் பெட்டியும் விளக்கப்பட்டுள்ளன. மூன்று பக்கம் பலகை அடித்த சிறு பெட்டி. அதன் இரு சுவர்களிலும் 45 பாகையில் பிளவுகள். கழியை உள்ளே வைத்து, ரம்பத்தைப் பிளவு வழியே ஓட்டுவர். நூற்றாண்டுகள் கழிந்தும் இப்பெட்டி வழக்கொழியவில்லை. ஆனால் ரம்பத்தின் பற்கள் மரநாரைப் பிய்த்து, முனையைச் சொரசொரப்பாக்குகின்றன. பொன் பூசிய கழியாயின் விளிம்பில் சுண்ணப்பூச்சுச் சிதறவும் கூடும். ஆகவே அறுத்தபின் இழைப்புளி கொண்டு முனையை மறுபடியும் சீவியாக வேண்டும். சீவும்போது கழியின் நீளம் மயிரிழை குறையும். எதிர்க் கழியையும் அதே அளவு சீவ வேண்டும். இவ்வாறு ஒரு சட்டத்துக்குச் செல்லும் பொழுதில் பெரும்பகுதி மூலைக்கே போயிற்று.

மிதித்தால் இறங்கும் கத்தி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாறுதல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன. நீராவியால் இயங்கும் இயந்திரங்கள் சட்டக்கழியைக் கெஜக் கணக்கில் இழைத்துத் தள்ளின. மரத்தைச் செதுக்குவதற்குப் பதிலாக, பிசின், ஆளிவிதை எண்ணெய், பசை, சுண்ணப்பொடி ஆகியவற்றைப் பிசைந்து அச்சில் அழுத்தி எடுத்த பூவேலைகளைக் கழியில் ஒட்டும் வழக்கம் பரவிற்று. பிரிட்டனில் கண்ணாடியின் மீதிருந்த வரி 1845 இல் நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. கல்லச்சு முறை வளர்ந்து, 1837 இல் எங்கெல்மான் உரிமை பெற்ற வண்ணக் கல்லச்சு முறையும் சேர, வண்ணப் படங்கள் பெருகின. 1839 முதல் புகைப்படக் கலை உலகறிய வெளிப்பட்டது. படம் மலிந்தது, கழி மலிந்தது, கண்ணாடியும் மலிந்தது. மலியாமல் நின்றது மூலை ஒன்றே.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ரம்பத்துக்கு மாற்றாகக் கத்தியால் மூலையைச் சீவும் இயந்திரங்கள் தோன்றின. அவ்வழியில் வந்ததே படச்சட்டக் கில்லட்டின். டென்மார்க் நாட்டு மோர்சோ என்னும் பெயர் தாங்கிய இயந்திரம் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது; சட்டத் தொழிலாளர் பலர் கில்லட்டினையே மோர்சோ என்று வழங்கும் அளவுக்கு அது பரவிற்று.

அதன் அமைப்பைக் காண்போம். ஆள் உயரத்துக்குக் குறைவான இரும்புக் கால். அதன்மேல் ஒரு மேடை. மேடைக்கு மேலே இரண்டு கத்திகள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக, விரித்த புத்தகத்தைப் போல நிற்கும். ஒவ்வொரு கத்தியும் கழிக்கு 45 பாகை சாய்ந்திருக்கும். காலால் மிதியை அழுத்தினால் கத்திகள் இரண்டும் ஒருங்கே இறங்கும். ஒரு முக்கோணத் துண்டு கீழே விழும். இடப்புறம் ஒரு கழியின் முடிவும், வலப்புறம் அடுத்த கழியின் தொடக்கமும் ஒரே வெட்டில் அமைந்துவிடும். கத்திகளின் கோணம் ஆலையிலேயே நிலைநிறுத்தப்பட்டது. ஆதலால் தொழிலாளியின் கை சற்றுத் தளர்ந்தாலும் கோணம் தளர்வதில்லை.

எனினும், மிதித்தால் போதும், தானே வெட்டிவிடும் என்று எண்ணிவிடலாகாது. கழி முழுவதையும் ஒரே மிதியில் வெட்ட முயன்றால் மரம் நசுங்கும், முகப்பூச்சு வெடிக்கும். ஆகவே கத்திகளைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்தி, பல முறை மிதித்து, கடைசியாக மெல்லிய சீவலாக எடுப்பதே முறை. கழியின் உட்புறத்தில் கண்ணாடியும் படமும் அமர்வதற்கான காடி உண்டு. அக்காடியின் அடியில் வெற்றிடம் இருப்பதால், கத்தியின் அழுத்தத்தில் உதடு பிளந்துவிடும். அதைத் தடுக்க இயந்திரத்தில் தாங்கு முட்டுகள் உண்டு; ஒவ்வொரு வகைக் கழிக்கும் அவற்றைத் திருத்தி வைக்க வேண்டும். கத்தி மழுங்கினால் வெட்டு முகம் பளபளப்பதற்குப் பதிலாகக் கன்றிப்போகும். கூர்மையாக இருந்தாலோ, வெட்டிய முகம் இழைப்புளி சீவியது போல் வழவழப்பாக இருக்கும். பசை தடவியதும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இந்த நயங்கள் அனைத்தும் இயந்திரத்தில் இல்லை, இயக்குபவரிடமே உள்ளன.

கழி எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. படம் 12 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் உடையதாயின், சுற்றளவு 44 அங்குலம். கழியின் அகலம் 2 அங்குலமாயின், எட்டு முனைகளுக்கும் எட்டு மடங்காக 16 அங்குலம் கூட்ட வேண்டும். ஆக 60 அங்குலம், அதாவது 5 அடி. ‘சுற்றளவோடு அகலம் எட்டு’ என்னும் இக்கணக்கைத் தெரிந்துகொண்டவர், கடையில் விலை கூறும்போது கழி ஏன் இவ்வளவு என்று ஐயுறார்.

நம் நாட்டில்

நம் நாட்டில் 1878 இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் பூனாச் சித்திரசாலை அச்சகமும் தெய்வப் படங்களை அச்சிட்டு விற்கத் தொடங்கின. கிளிமானூரில் 1848 இல் பிறந்த ஓவியர் இரவிவர்மா 1894 இல் பம்பாயில் செருமானிய இயந்திரங்களைக் கொண்டு அச்சகம் நிறுவினார். பின்னர் அது லோனாவாலாவுக்கு அருகே மாறி, ஃபிரிட்ஸ் ஷ்லைஹர் என்ற செருமானியரின் கைக்குச் சென்றது. அரண்மனைச் சுவருக்கென எழுதப்பட்ட இலக்குமியும் சரசுவதியும் அச்சு வடிவில் ஊரூராகச் சென்றனர். தமிழகத்தில் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) அவர்களும் அவர்தம் மாணவர்களும் எழுதிய தெய்வ ஓவியங்கள் சிவகாசி அச்சில் நாள்காட்டிகளாகி வீடுதோறும் நுழைந்தன.

ஆயினும் அச்சடித்த தாள் தானே நிலைப்பதில்லை. ஈரம் பட்டால் நெளியும், புகை படிந்தால் மங்கும், கரப்பான் அரிக்கும். ஆண்டு முடிந்ததும் நாள்காட்டியிலிருந்து படத்தை நறுக்கியெடுத்து, பிரேம் கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்ட பின்னரே அது பூசைக்குரியதாயிற்று. எளியவன் வாங்கிய ஒரு படம் தெய்வமாக நிலைபெற்றதற்கு ஓவியனும் அச்சகமும் மட்டும் காரணமல்லர். மூலையை வெட்டிப் பொருத்திய தொழிலாளியும் காரணம். அவர் பெயர் எந்தப் படத்தின் கீழும் அச்சிடப்பெறவில்லை.

இன்றும் நம் நகரக் கடைவீதிகளில் கைரம்பமும் மைட்டர் பெட்டியும் வைத்துக்கொண்டு தொழில் செய்வோர் உள்ளனர். சிலரிடம் மிதியால் இயங்கும் கில்லட்டின் உண்டு. சிலரிடம் மின் ரம்பம் உண்டு. தேக்குக்குப் பதிலாகச் செயற்கைக் கழிகள் வந்துவிட்டன. படங்களோ கைப்பேசியினுள் ஆயிரக்கணக்கில் குவிந்து, சுவரேறாமலே மறைகின்றன. எடுத்த படம் எத்தனை என்று நமக்குத் தெரியாது. பேரன் காணப்போவது எத்தனை என்றும் தெரியாது.

தாயகத்தை விட்டுப் பணியின் பொருட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. நாம் ஊரிலிருந்து புறப்பட்டபோது கண்ணாடியும் மரமும் சேர்ந்த சட்டத்தைத் தூக்கி வந்தவர் சிலரே. பலரும் படத்தை மட்டும் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். படம் ஊருடையது, அதைச் சுற்றியுள்ள சட்டம் இந்நகரத்துத் தொழிலாளி செய்தது. வேற்றுமொழி பேசும் அவர், யாருடைய பாட்டனார் என்று அறியாமலே நம் பாட்டனாருக்கு நான்கு மூலையையும் நேராக்கித் தந்தார்.

ஆகவே அன்பர்களே, பெட்டியடியில் கிடக்கும் பழம்படங்களை இவ்வாண்டு வெளியே எடுப்போம். பின்புறத்தில் இருப்பவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதுவோம். கடைக்குச் செல்லும்போது விலையை மட்டும் கேளாமல், மூலையைத் திருப்பிப் பார்ப்போம். காகிதம் நுழையாதபடி பொருந்தியிருந்தால் அத்தொழிலாளியை ஒரு சொல்லால் பாராட்டுவோம். கண்ணாடி படத்தின் மேல் நேரே ஒட்டாமல் நடுவே அட்டை வரம்பு வைக்கச் சொல்வோம். இவை சிறிய செயல்கள்தாம். ஆனால் ஒரு குடும்பத்தின் நினைவு அடுத்த தலைமுறைக்குச் செல்வது இத்தகைய சிறு செயல்களாலேயே.