மூளை நாடாப்புழுக் கட்டி: அறுவைச் சிகிச்சை வரலாறு

பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கி நீர்க்கட்டியாவதால் உண்டாகும் நோய் மூளை நாடாப்புழுக் கட்டி ஆகும். மருத்துவ நூல்கள் இதனை நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்கின்றன. வலிப்பு இதன் முக்கிய அறிகுறி.

பரவும் முறை

வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவரது மலத்துடன் வெளியேறும் முட்டைகள் நீர், பச்சைக் காய்கறி, கழுவாத கைகள் வழியாகப் பிறர் வயிற்றுக்குள் சென்றால் மூளையில் கட்டி உண்டாகலாம். எனவே இறைச்சியே உண்ணாதவருக்கும் இந்நோய் வரும்.

தொடக்க காலம்

இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் குறிப்பு 1888இல் சென்னையிலிருந்து வந்தது. வலிப்பால் இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் உடலில் இது கண்டறியப்பட்டது. பின்னர் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரித்தானியப் படைவீரர்கள் பலரிடமும் இது காணப்பட்டது.

வேலூரின் பங்கு

1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1980களில் சி.டி. ஸ்கேன் பரவியபோது, வலிப்பு வந்த பலரின் மூளையில் ஒற்றைச் சிறு கட்டி தெரிந்தது. இந்தியாவில் காசநோய் மிகுதி என்பதால், அதனைக் காசநோய்க் கட்டி என்றே பலரும் கருதினர். நோயாளிகள் பல மாதங்கள் காசநோய் மருந்து உட்கொண்டனர்.

வேலூர் மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலானோர் இத்தகைய கட்டிகளை அறுவை மூலம் எடுத்துத் திசு ஆய்வு செய்தனர். நாடாப்புழுவின் இளம்புழுவும் இக்கட்டிகளுக்குக் காரணம் எனத் தெரிந்தது. இம்முடிவு 1989இல் லான்செட் இதழில் வெளியானது. பின்னர் அறுவை இன்றியே இக்கட்டியை அடையாளம் காணும் விதிகளை அவர்கள் வகுத்தனர். கட்டி 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாகவும், மூளையில் அழுத்தம் கூடாமலும், நரம்புக் குறைபாடு வளராமலும், உடலில் வேறு நோய் இல்லாமலும் இருக்க வேண்டும். இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் சில மாதங்களில் தாமே சுருங்கிவிடும். வலிப்பு மருந்து கொடுத்துக் கவனித்து வந்தால் போதும் என அன்று கருதப்பட்டது. இவ்வாறு, அறுவையால் பெற்ற அறிவே பலரை அறுவையிலிருந்து காத்தது.

இன்றைய நிலை

மூளை அறைகளில் கட்டி அடைத்துக்கொண்டாலோ, நீர் தேங்கினாலோ, பெரிய கட்டி மூளையை அழுத்தினாலோ இன்றும் அறுவை தேவைப்படும். அறைகளில் உள்ள கட்டியை எண்டோஸ்கோப் மூலம் எடுப்பதும், தேங்கிய நீரைக் குழாய் வைத்து வயிற்றுக்கு வடிப்பதும் உண்டு.

கல்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழ்பவர்கள் ஸ்கேன் எடுக்க மலையிறங்கிச் செல்ல வேண்டும். அத்தகைய ஊர்களுக்குக் கழிப்பறையும் தூய குடிநீரும் கை கழுவும் பழக்கமுமே முதல் மருத்துவம் ஆகும்.