கூரை போனாலும் அடுப்பு நிற்க வேண்டும்

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது எனக்கு 8 வயது. விடிந்ததும் பெரியவர்கள் வீட்டு முகட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்றார்கள். அம்மம்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் வளவின் மூலையில் இருந்த குசினியை நோக்கி நடந்தார். அதன் கூரை அங்கே இல்லை. இரண்டு கப்புகள் சாய்ந்து கிடந்தன. களிமண் அரைச்சுவர் மழையில் பாதி கரைந்திருந்தாலும் நின்றது. முழங்காலளவு மேடையில் இருந்த அடுப்பும் நின்றது. முதல்நாள் மாலையே அவர் ஒரு பெரிய கிடாரத்தை மேடையில் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்திருந்தார். அதை நிமிர்த்தியபோது உள்ளே சிரட்டைகளும் பொச்சுமட்டைகளும் ஒரு தீப்பெட்டியும் ஈரம் படாமல் இருந்தன. நண்பகலுக்குள் அயலில் ஏழெட்டுக் குடும்பங்களுக்குக் கஞ்சி கிடைத்தது.

பத்திரிகைத் தொழிலில் பல அனர்த்தங்களைப் பற்றி எழுதிவிட்டேன். எத்தனை வீடுகள் உடைந்தன என்று ஒவ்வொரு முறையும் கணக்கெடுத்தோம். எத்தனை அடுப்புகள் எஞ்சின என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

வீட்டிலிருந்து பிரித்துச் சமையற்கட்டை அமைப்பது வடக்கிலும் கிழக்கிலும் நெடுங்கால வழக்கம். குசினி என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அலுமாரியும் கதிரையும் யன்னலும் அவ்வாறே வந்தவை. சொல்லைப் பார்த்துக் கட்டடமும் அவர்கள் தந்தது என்று எண்ண வேண்டியதில்லை. அடுக்களை என்ற தமிழ்ச்சொல் நம்மிடம் இருக்கிறது. ஓலைக்கூரையின் கீழ் நாள்தோறும் தீ மூட்டுபவர்களுக்கு, அந்தத் தீயை உறங்கும் கூரையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று எவரும் வந்து கற்பிக்க வேண்டியதும் இல்லை.

எந்த மூலையில் அதை வைப்பது? தென்கிழக்கு, அதாவது அக்கினி மூலை என்பார்கள். இதைச் சாத்திரம் என்று மட்டும் கொள்பவர்கள் வளவின் படமொன்றை வரைந்து பார்க்கட்டும். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. தென்கிழக்கு மூலையில் எழும் பொறியை அது வீட்டுக்குத் தெற்கே கொண்டு போகும். கோடையில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்றும் மட்டக்களப்பில் கச்சான் என்றும் அதன் திசைக்கேற்பப் பெயர் சொல்வார்கள். அது பொறியை வீட்டுக்குக் கிழக்கே கொண்டு போகும். ஆண்டின் இரு பெருங்காற்றுகளில் எதுவும் நெருப்பை வீட்டுக்கூரையின் மீது எறியாத மூலை அது.

அமைப்பிலும் அதே கவனம் தெரியும். நிலத்திலிருந்து உயர்த்திய குந்து. வெள்ளம் வளவுக்குள் வந்தாலும் அடுப்புக்கு ஏறச் சற்று நேரம் பிடிக்கும். அதன்மேல் மண்ணால் அரைச்சுவர். சுவருக்கு மேலே கருக்குமட்டை வரிச்சு. புகை வெளியேறவும் காற்று ஊடுருவிப் போகவும் அது வழிவிட்டது. கைமரங்களும் வளைகளும் கயிற்றால் கட்டப்பட்டமையால் காற்றில் அசைந்து கொடுத்தன. அடுப்புப் புகை ஓலையைப் பூச்சியிடமிருந்து காத்தது. உறியில் தொங்கிய சட்டிக்கு எறும்பும் வெள்ளமும் எட்டவில்லை.

இன்றைய பொறியியலாளர்கள் சூறாவளிப் பிரதேசங்களுக்குச் சொல்லும் விதிகள் இவற்றுக்கு வெகுதூரத்தில் இல்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். பலத்த காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே அதிகம். நான்கு புறமும் சரிந்த கூரை இருபுறம் மட்டும் சரிந்ததைவிட நன்றாகத் தாங்கும். விறாந்தைக் கூரையைப் பிரதான கூரையுடன் ஒன்றாக இணைக்காமல் தனியே அமைக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. ஒன்று பிய்ந்து போகும்போது மற்றதையும் இழுத்துச் செல்லக் கூடாது. தனியே நின்ற குசினி இந்த விதியை வளவு முழுவதற்கும் விரித்து நிறைவேற்றியது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓலைக் குசினி புயலை எதிர்த்து நிற்பதற்காகக் கட்டப்பட்டதன்று. கூரையை இழக்கலாம், அடுப்பை இழக்கக் கூடாது என்பதே அதன் கணக்கு. போன கூரையை இரண்டு பேர் ஓரிரு நாளில் வேய்ந்து விடலாம் என்ற நம்பிக்கையே அதன் அத்திவாரம்.

அந்த நம்பிக்கையைத்தான் 1978 உடைத்தது. 900 இற்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன அச்சூறாவளி, மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதியையும் சாய்த்தது. விழுந்த மரங்களின் ஓலையில் முதற் கிடுகுகளைப் பின்னினோம். அதன்பின் கிடுகுக்கு மரம் இல்லை. புதிதாக நட்ட தென்னை வளரும்வரை ஓலை எங்கிருந்து வரும்? அந்த இடத்தைத் தகரம் பிடித்தது. அன்றிரவு கத்திபோல் பறந்ததும் தகரமே என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆயினும் வேறு வழியில்லை.

பின்னர் போர் வந்தது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் தந்த வீடுகளில் சமையலறை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, அதே கூரையின் கீழ் அமைந்தது. குடிபுகுந்த சில மாதங்களில் பல வீடுகளின் பின்னால் ஒரு கொட்டில் முளைத்ததைச் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் கண்டேன். அதிகாரிகள் அதைப் பழைமைப் பிடிப்பு என்றார்கள். புகைபோக்கி இல்லாத ஓர் அறையில் விறகு எரிக்கச் சொன்னவர்கள் அவர்கள் என்பதை அப்பெண்கள் வாய்திறந்து சொல்லவில்லை. கொட்டிலைக் கட்டிக் காட்டினார்கள்.

பழைய குசினியை நான் புகழ்ந்து பாடவும் மாட்டேன். மாரி இரவுகளில் சோற்றுப் பானையுடன் முற்றத்தைக் கடந்து நனைந்தவர்கள் பெண்களே. அம்மம்மாவின் இறுதிக்கால இருமலுக்கு அந்தப் புகைக்கும் பங்கு உண்டு. ஆகவே காக்க வேண்டியது ஓலையோ புகையோ அன்று. அந்தக் கணக்கு மட்டுமே.

2022 இல் எரிவாயு கிடைக்காமற் போனபோது, முற்றம் உள்ளவர் மூன்று கல் வைத்துச் சமைத்தார். மாடிக் குடியிருப்பில் இருந்தவர் திகைத்து நின்றார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் 600 இற்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டபோது, பேரழிவு காற்றால் அன்றி வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வந்தது. அன்றும் முகாம்களில் முதலில் தேடப்பட்டது காய்ந்த விறகும் நனையாத ஓர் அடுப்பும்தான்.

ஊரில் இனி வீடு கட்டுவோரிடமும், அதற்குக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் அனுப்பும் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். வெளியே ஒரு சிறு சமையற்கட்டு இருக்கட்டும். குந்து அந்த ஊர் கண்ட வெள்ளத்தைவிட உயரமாகட்டும். கப்புகள் கொங்கிறீற்றிலும், அரைச்சுவர் கல்லிலும், கூரை வீட்டோடு ஒட்டாமல் நான்கு புறமும் சரிந்தும் அமையட்டும். கைமரம் வளையோடும், வளை கப்போடும் இரும்புப் பட்டியால் பிணைக்கப்படட்டும். புகைபோக்கி கட்டாயம். மூலையில் மூடியுடன் ஒரு பெட்டி; அதற்குள் ஒரு கிழமைக்கான காய்ந்த விறகு.

அம்மம்மா இத்தனையும் அறிந்தவரல்லர். கிடாரத்தைக் கவிழ்க்க மட்டும் அறிந்திருந்தார். அன்று அதுவே எங்களுக்குப் போதுமாயிருந்தது.