பழைய கேபினெட்டில் துளை போடலாமா?

பழைய கணினி விளையாட்டுப் பிரியர்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. முப்பது, நாற்பது வருடப் பழைய கணினியின் பெட்டியை, நம்மூரில் கேபினெட் என்கிறோமே அதை, அறுத்து உள்ளே புது மதர்போர்டைப் பொருத்தலாமா? "வெறும் பிளாஸ்டிக் டப்பாதானே, பரணில் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்" என்கிறது ஒரு தரப்பு. இன்னொரு தரப்புக்கு அது கோயில் தூணில் ஆணி அடிக்கிற காரியம். எந்தப் பெட்டி என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

அறுக்கும் தேவை ஏன் வருகிறது? 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற தரத்தை வெளியிட்டது. மதர்போர்டின் திருகுகள் எங்கே வரவேண்டும், பின்பக்க இணைப்புகளுக்கான 158.75 × 44.45 மில்லிமீட்டர் சன்னல் எங்கே இருக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் தீர்மானமானது. அந்த ஏற்பாடுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதனால் 1998ஆம் ஆண்டின் ஏடிஎக்ஸ் கேபினெட்டில் இன்று வாங்கிய மதர்போர்டு ஒரு துளையும் போடாமல் உட்கார்ந்துவிடும். வேண்டாம் என்றால் கழற்றிவிட்டு, பழைய பென்டியத்தையே மாட்டலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

சிக்கல் அதற்கு முந்தைய பெட்டிகளில். ஐபிஎம் 1984இல் கொண்டுவந்த ஏடி கணினியின் வழிவந்த பெட்டிகளில் பின்பக்கம் கீபோர்டுக்கென்று ஒரு வட்டத் துளை, அதையடுத்து கார்டுகளுக்கான பிளவுகள், அவ்வளவுதான். புது போர்டு வைக்கணும்னா தகரத்தை அறுத்தே ஆகணும். இன்றைய கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைத் தணிக்க முன்பக்கத்திலும் ஓட்டை போடவேண்டி வரும். இதெல்லாம் திரும்பி வராத மாற்றங்கள்.

"உள்ளே இருக்கிற போர்டுதான் செத்துப்போச்சே, வெறும் கூட்டை எதற்குக் காப்பாற்ற?" என்பார்கள். பாதி உண்மை. 386, 486 போர்டுகளில் பற்றவைத்திருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் கசிந்து செம்புத் தடங்களை அரித்துத் தின்றிருக்கின்றன. அமிகா 2000க்கும் இதே கதி. ஆனால் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று கணக்குப் போட்டால் விடை தலைகீழாக வருகிறது. 1982இல் வந்த கமடோர் 64ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளையாட்டுகள் இன்று எந்த மடிக்கணினியிலும் ஓடும். அதன் புகழ்பெற்ற சிட் ஒலிச் சில்லுக்கு மாற்றுச் சில்லுகள் விற்கின்றன. முழு இயந்திரத்தையும் எஃப்பிஜிஏ சில்லில் மறுபடி உருவாக்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் கூடு மட்டும் டன் கணக்கில் எடையுள்ள அழுத்த இயந்திரத்தில், எஃகு அச்சில் வார்த்தது. 1986இல் வந்த 64சி மாடலின் அசல் அச்சுகள் தப்பிப் பிழைத்ததால்தான், 2015 வாக்கில் அந்த மாடலுக்குப் புதுக் கூடுகள் வார்க்க முடிந்தது. எல்லா மாடலுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மலிவான டப்பா என்று நினைப்பதுதான் மறுபடி செய்ய மிகக் கஷ்டமான பாகம்.

சில கூடுகள் ஆவணங்களாகவும் இருக்கின்றன. 1985இல் வந்த அமிகா 1000இன் மேல்மூடியைத் திருப்பிப் பார்த்தால், வடிவமைத்தவர்களின் கையெழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். கூடவே ஜே மைனரின் நாய் மிட்சியின் பாதத்தடமும். 1984இன் மெக்கின்டாஷ் உள்பக்கத்திலும் குழுவினர் கையெழுத்து உண்டு. இவற்றில் மின்விசிறிக்குத் துளை போடுபவர் யாருடைய பெயரை அறுக்கிறார் என்று பார்த்துவிட்டு அறுக்கலாம்.

அப்படியானால் மாற்றமே பாவமா? ஆப்பிள்-1 இல்லை என்கிறது. 1976இல் சுமார் 200 மட்டுமே செய்யப்பட்ட அது பெட்டியே இல்லாமல்தான் விற்றது. கடைக்காரரும் வாங்கியவரும் ஆளுக்கொரு விதமாகப் பெட்டி செய்துகொண்டார்கள். கோவா மரப்பெட்டியில் இருந்த ஒன்று 2021இல் 4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பெட்டி ஆப்பிள் செய்ததல்ல. ஆனால் அதைச் செய்தவர்கள் எதையும் அழிக்கவில்லை; இல்லாததைச் சேர்த்தார்கள். பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் மாற்றத்தைத் தடை செய்யவில்லை. புதிதாகச் சேர்ப்பது அசலோடு கலந்து ஏமாற்றாமல், புதிது என்று தெரியவேண்டும் என்றுதான் சொல்கிறது.

எண்ணிக்கையும் முக்கியம். கமடோர் 64 ஒரு கோடிக்கு மேல் விற்றது. உடைந்த கூடு ஒன்றை யாராவது வெட்டினால் வரலாறு ஒன்றும் குறைந்துவிடாது. நம் நாட்டுக் கதை வேறு. 1984-85இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தன. பிறகு செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதையே யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே தயாரித்தது. அப்படி ஒன்று காயலான் கடையில் கண்ணில் பட்டால் அது விளையாட்டுப் பெட்டிக்கான மூலப்பொருள் அல்ல. ஒரு தலைமுறை முதன்முதலாகத் தொட்ட கணினி.

நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். 1995க்குப் பிந்தைய ஏடிஎக்ஸ் கேபினெட் என்றால் தாராளமாகப் போட்டு விளையாடுங்கள். அதற்கு முந்தையது என்றால், இருக்கிற திருகுத் துளைகளிலேயே பொருந்துகிற மாதிரி ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள். முப்பரிமாண அச்சில் ஒரு நாள் வேலை. அறுத்தே தீரவேண்டும் என்றால், முதலில் அது எத்தனை மிச்சமிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அறுப்பதற்கு முன் படம் எடுங்கள், அளவுகளை எழுதி உள்ளேயே ஒட்டிவையுங்கள். அடுத்து திறக்கப் போகிறவர் நம்மை நேரில் கேட்க முடியாது.